மச்சானோடு பேச ஒரு மனு

அறை வாடகைக்கு விடுகிற தொழிலில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாக வேண்டும்: மாடியில் தண்ணீர் ஏறவில்லை, கீழ் அறைக்காரர் சாவியோடு கிளம்பிவிட்டார், கேஸ் தீர்ந்துவிட்டது என்று பேசுவதுதான் தொழிலே. அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது, ஒரு தடவையாவது வாய்தாவுக்காகக் கோர்ட் வராந்தாவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்களுக்குச் சொன்னால் புரியும். மற்றவர்களுக்குத் தமாஷாகத் தெரியலாம். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

நான் மஸ்கட்டில் பல வருஷம் ஓட்டல் வரவேற்பு மேசையில் நின்றவன். ஊர் திரும்பி, செங்கம் ரோட்டில் ஆசிரமங்கள் இருக்கும் பக்கம் ஒரு சின்ன விடுதி கட்டினேன். கூட்டாளி ஏழுமலை, என் மனைவி விஜயாவின் தம்பி. எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கோர்ட் வந்து உட்கார்ந்தது.

கேட் விழுந்த கதை

விடுதிக்கு வருகிற சந்து பொதுச் சந்து. பக்கத்து மனைக்காரர் ஒரு நாள் அதன் வாயில் ஓர் இரும்புக் கேட்டை நட்டுப் பூட்டுப் போட்டார். ஆட்டோ உள்ளே வராது. பெரிய பெரிய பெட்டிகளோடு வருகிறவர்கள் ரோட்டிலேயே இறங்கி, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, கேட் ஓரத்தில் இருந்த இடைவெளியில் நுழைந்து வர வேண்டும். எழுதிக் கொடுத்தோம், சொல்லிப் பார்த்தோம். கடைசியில் நானும் ஏழுமலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கேட்டைக் கீலோடு தூக்கினோம். அந்தப் பக்கம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனைக்காரர் கேட்டோடு சேர்ந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. போலீஸ் கேஸ் ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள், அதாவது ஏ1, நான்; ஏழுமலை ஏ2.

ஜாமீன் மனு வந்த அன்று அரசு வக்கீல், இந்த இரண்டு பேரையும் வெளியே விட்டால் சேர்ந்து போய் மறுபடியும் மிரட்டுவார்கள் என்றார். எங்கள் வக்கீலுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, "அவங்க சேரவே மாட்டாங்கம்மா. மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட்டார். அன்று காலைதான் நாங்கள் ஒரே பொட்டலத்து இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டிருந்தோம். ஏழுமலை சட்டையில் அந்தச் சட்னி இன்னும் காயவில்லை. மாஜிஸ்திரேட் அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "பேச்சுவார்த்தை இல்லன்னா ரொம்ப நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும்."

சமையலறைச் சுவர்

எட்டாவது வரை தமிழிலும் அதற்கு மேல் ஆங்கிலத்திலும் படித்தவன் நான். உத்தரவை ஆங்கிலத்தில் படித்தேன், எனக்கு நானே தமிழில் சொல்லிப் பார்த்தேன். சந்திக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பவும் கூடாது. எந்த மொழியில் படித்தாலும் ஓட்டை இல்லை. ஆகவே காலையில் விடுதி அவனுடையது, மத்தியானத்துக்கு மேல் என்னுடையது என்று ஆயிற்று. இப்படிப் பிரித்துக்கொள்வதைக்கூட நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. விஜயா அவன் காதில் விழும்படி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான்.

சமையல் மல்லிகா இரண்டு நேரமும் இருப்பாள். ஏழுமலை காலையில் சமையலறைச் சுவரைப் பார்த்து, "மோட்டார்ல சத்தம் வருது, ஆளக் கூப்பிட்டுப் பாத்தா தேவல" என்பானாம். நான் சாயங்காலம் காப்பிக்காக உள்ளே போனால் மல்லிகா அதே சுவரிடம், "மோட்டார்ல சத்தம் வருதாமே" என்பாள். நான் சுவரிடம், "எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றான்" என்பேன். மறுநாள் காலை சுவர் அதை அவனிடம் சேர்த்துவிடும். இது வேறொருவர் மூலம் சொல்லி அனுப்புவதில் வருமா என்று வக்கீலிடம் கேட்டேன். சுவர் சாட்சி சொல்லாது என்றார்.

ஒரு நாள் சுவருக்குப் பதில் மல்லிகாவே திரும்பி நின்றாள். இடுப்பில் கை. "என் புருசனும் நாத்தனாரும் பேசாத இருந்தாங்க, நான்தான் நடுவுல. அதுல இருந்து தப்பிச்சு இங்க வேலைக்கு வந்தேன் சார். இங்கயும் இதே வேலதான் ஜாஸ்தியா இருக்குது."

பெரிய விரதம்

மேல் மாடியில் ஒரு பிரெஞ்சு அம்மாள். வருஷா வருஷம் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர். புத்தகம் வைத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர், ஆகையால் நம் யாரையும்விடச் சுத்தமாகப் பேசுவார். தினமும் நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஏழுமலை பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போவதையும், இருவரும் தலையைக் குனிந்து ஒரு வார்த்தை இல்லாமல் கடப்பதையும் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறார்.

மௌன விரதம் இருக்கிறவர்கள் எங்கள் தெருவில் குறைவில்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடையில் விரலைக் காட்டி டீ கேட்பார்கள். இந்த அம்மாளும் ஒரு தடவை இருந்து பார்த்துப் பாதியில் விட்டவர். ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து கையைக் கூப்பினார். நான் வெந்நீர் வரவில்லையோ என்று நினைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டு, இது விரதம் இல்லை, ஜாமீன் நிபந்தனை என்று விளக்க எனக்குத் தெம்பு இல்லை. "உலகம் முழுவதோடும் பேசாமல் இருப்பது எளிது. ஒரே ஒரு மனிதரோடு மட்டும் பேசாமல் இருக்கிறீர்கள். இதை உங்களுக்குக் கற்றுக்கொடுத்த குரு யார்?"

பௌர்ணமி நடை

பௌர்ணமிக்கு மலை சுற்றுவது எங்கள் இருவருக்கும் பழக்கம். முன்பு சேர்ந்தே சுற்றுவோம். அந்த மாதம் நான் நேரம் மாற்றி, வெயில் தாழக் கிளம்பினேன். அவனும் என்னைத் தவிர்க்க அதே நேரத்துக்கு மாற்றியிருக்கிறான். ஜனத்தோடு ஜனமாக நடந்துகொண்டிருந்தவன் தலையைத் தூக்கினால், எனக்கு முன்னால் ஏழுமலையின் முதுகு. காவி வேட்டி, வலது தோளில் துண்டு, கொஞ்சம் கால் சாய்த்து நடக்கிற அதே நடை.

எல்லோரும் ஒரே திசையில் போகிற வழி. திரும்பி நடக்க முடியாது, அது சுற்று ஆகாது. முந்தினால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடிப்பார்கள். அவன் ஒரு லிங்கத்தில் கும்பிட நின்றால் நான் வழியோரக் கடையில் சுண்டல் வாங்கினேன். அவன் கரும்புச் சாறு குடித்தால் நான் செருப்பு வாரைச் சரிசெய்தேன். பாதி வழியில் அவன் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டியவன், நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். யாரோ ஓர் ஆந்திரக்காரர் எடுத்துக் கொடுத்தார். அந்த மாதங்களில் எனக்கு உண்மையாகவே வலித்தது அந்த ஒரு கணம்தான்.

வளைவில் பந்தோபஸ்துக்கு நின்றிருந்தவர், ஜாமீனுக்காக நாங்கள் தினமும் ஆளுக்கொரு நேரத்தில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்ட நாட்களில் பழக்கமான ஏட்டு. முன்னால் போகிற முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "சார், முன்னால உங்க ஏ2 போறாரு. நீங்க கொஞ்சம் நின்னு, சாமிய நிதானமா கும்பிட்டுட்டு வாங்க."

பெயர் போயிற்று

இதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அதில் ஏழுமலை பெயர் இல்லை. கேட்டைத் தூக்கியவன் நான் மட்டும்தான், அவன் விலக்கிவிட வந்தவன் என்று மனைக்காரரே வாக்குமூலத்தில் சொல்லிவிட்டாராம். ஏழுமலையின் மாமனார் அவருக்குத் தூரத்து உறவு என்பதை நான் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். போகட்டும், ஒருவனாவது கரையேறினானே என்று சந்தோஷம்தான். அதைவிடப் பெரிய சந்தோஷம், அவன் கேஸிலேயே இல்லையென்றால் இனிமேல் பேசலாமே என்பது.

போனைக் கையில் எடுத்துவிட்டேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் உத்தரவைப் புரட்டினார். அது இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. கோர்ட் மாற்றாத வரைக்கும் அது நிற்கும். நான் அவனோடு பேசினால் என் ஜாமீன்தான் ரத்தாகும், அவனுக்கு ஒன்றும் இல்லை. கேஸில் இல்லாத ஒருவனோடு எப்படி ஐயா பேசாமல் இருப்பது என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பேர எடுத்துட்டாங்க சார். கண்டிஷன எடுக்கலியே."

அச்சகத்தில் ஒரு வெற்றிடம்

அப்போதுதான் என் பெண் பவித்ராவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நல்ல இடம், வேங்கிக்கால் பக்கம் மண்டபம், தை மாசத்தில் முகூர்த்தம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணவறைக்கு வர வேண்டும். அவன் போடுகிற மாலைதான் முதல் மாலை. பவித்ராவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

பத்திரிகையில் அவன் பெயரைப் போடலாமா என்று வக்கீலைக் கேட்டேன். ஏ1 பெயரும் ஏ2 பெயரும் ஒரே தாளில் அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்தால், இருவருக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு நாமே சாட்சி தயார் செய்த மாதிரி என்றார். குற்றப்பத்திரிகையில்தான் எடுத்தாயிற்றே என்றேன். கல்யாணப் பத்திரிகையிலும் எடுத்துவிடுங்கள் என்றார். அச்சகக்காரர் என் சொந்தபந்தம் எல்லாம் தெரிந்தவர். மாதிரித் தாளை வாசித்தார், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடியும் வாசித்தார். காரணத்தைச் சொன்னேன். அவருக்குக் கோர்ட் பெரிதாகத் தெரியவில்லை. "தாய்மாமன் பேர் போடாத பத்திரிகைய நான் அடிச்சதா தெரிஞ்சா, நாளைக்கு எவன் சார் என் கடைக்கு வருவான்? இடத்த காலியா விட்டு அடிக்கறேன். எப்பனா சேந்தீங்கன்னா பேனாவுல எழுதிக்குங்க."

வாயால் கூப்பிடட்டும்

விஜயா தம்பி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குத் தடை இல்லை. கல்யாணத்தன்று ஒரே மண்டபத்தில் இருப்பதற்கு மட்டும் எப்படியாவது அனுமதி வாங்கிவிடலாம், நீ வந்துவிடு என்றாள். ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னானாம். பொண்ணைப் பெத்தவர் தட்டு வைத்து வாயால் கூப்பிட்டால்தான் தாய்மாமன் வருவான். கூப்பிடாத கல்யாணத்துக்கு அவன் வரமாட்டான். கூப்பிட்டால் அவர் ஜெயிலுக்குப் போவார்டா என்று விஜயா கத்தியிருக்கிறாள். அது எனக்குத் தெரியும்கா, ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல என்றிருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் கூப்பிட முடியாது என்று தெரிந்தும், கூப்பிட்டால்தான் வருவேன் என்கிறவனை என்ன செய்வது. சுவரிடம் போய்க் கத்தலாம் என்றால் மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தாள். சொந்தத்தில் வேறு யாரையாவது மாமன் முறைக்கு நிறுத்திக்கொள்ளலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். விஜயா புடவைக் கடைப் பைகளைக் கீழே வைத்தாள். அழவில்லை. "எனக்குக் கூடப்பொறந்தவன் ஒருத்தன்தான். அவன் இல்லாத மணவறைல எம்பொண்ணு உக்கார மாட்டா. நீங்க அந்த இரும்புக் கேட்ட தூக்கும்போது என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

முதல் வாய்தா

தடையை நீக்கக் கோரி மனுப் போட்டோம். மனுதாரருக்கும் அவர் மைத்துனருக்கும் இப்போது சமாதானம் ஏற்பட்டுவிட்டது, குடும்பத்தில் சுபகாரியம் இருக்கிறது என்று எங்கள் வக்கீல் உருக்கமாகச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்தார். பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல்லித்தானே ஜாமீன் வாங்கினீர்கள், இப்போது சமாதானம் என்றால் பேசாமல் எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று கேட்டார். பேசியிருந்தால் நிபந்தனையை மீறிவிட்டார்கள், ஜாமீனையே ரத்து செய்யுங்கள். பேசவில்லை என்றால் சமாதானம் பொய், மனுவைத் தள்ளுங்கள். இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார். முன்னும் புரட்டினார், பின்னும் புரட்டினார். கால அவகாசம் கேட்டார். அடுத்த வாய்தாவுக்கு ஏழுமலையையும் வரச் சொல்லி உத்தரவாயிற்று. அந்த வாய்தா கல்யாணத்துக்கு முந்தின வாரம். பேச்சுவார்த்தை கிடையாது என்று அன்றைக்கு இவர் தானாகச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது, வராந்தாவில் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே அவர் முந்திக்கொண்டார். "அந்தாளு கேட்டதுல நியாயம் இருக்குண்ணே. இந்தப் பாயின்ட் எனக்கே தோணல பாருங்க."

தட்டு எங்கே

அந்த நாளும் வந்தது. நான் ஒரு மூலையில், ஏழுமலை எதிர் மூலையில், நடுவில் விஜயா. அவன் இளைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. அரசு வக்கீல் அதே கேள்வியை மறுபடியும் வைத்தார். எங்கள் வக்கீல் தொண்டையைக் கனைத்தார். ஏழுமலை எழுந்து என்ன சொல்லப் போகிறானோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமாதானம் ஆகிவிட்டோம், வாரா வாரம் பேசிக்கொள்கிறோம் என்று உளறினால் நான் அப்படியே வேலூர் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

மாஜிஸ்திரேட் அம்மா அவனையே கேட்டார். "உங்க அக்கா பொண்ணு கல்யாணம். போறீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"கூப்பிடலம்மா."

"அவர் உங்கள கூப்பிடக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கே."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்மா. பந்தியில உக்காந்துக்கினு, கூப்பிடாத வந்துட்டான் பாருன்னு பேசறவனுக்குத் தெரியுமா? அவரு வாயால கூப்பிட்டா போறேன். இல்லன்னா போமாட்டேன். என் ஒரே அக்கா பொண்ணும்மா, தூக்கி வளத்தவன் நான்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க என்னை முறைத்தான். பல மாதம் கழித்து அவன் என்னைப் பார்த்தது அதுதான்.

மாஜிஸ்திரேட் அம்மா அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "இவங்க ரெண்டு பேரும் திருட்டுத்தனமா பேசிக்கிட்டு இருந்தாங்கன்னு இன்னும் சொல்றீங்களா?" அரசு வக்கீலுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் இவ்வளவையும் தானே வாதாடி ஜெயித்தது போல நிமிர்ந்து நின்றார். பக்கத்து மனைக்காரர் பக்கம் போகக் கூடாது என்பது அப்படியே இருக்கும், மச்சானோடு பேசக் கூடாது என்பது நீக்கப்படுகிறது என்று உத்தரவாயிற்று. கட்டை மூடி வைத்துவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இப்பக் கூப்பிடுங்க."

என்னென்னவோ திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. "ஏழுமல, பவித்ரா கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடு" என்றேன். விஜயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தான். பிறகு கண்ணை இறக்கி, வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த என் இரண்டு கைகளையும் பார்த்தான்.

"தட்டு எங்க மாமா?"

அன்று சாயங்காலமே தட்டோடு போய்க் கூப்பிட்டேன், உறையைப் பிரிக்காமலே பத்திரிகையை வாங்கிக்கொண்டவன் கல்யாணத்துக்கு வந்து முறையெல்லாம் குறைவில்லாமல் செய்து பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்தும் வந்தான், மறுநாள் வீட்டில் உறையைப் பிரித்துத் தன் பெயர் இருக்க வேண்டிய இடம், நான் பேனாவால் எழுத மறந்ததில், காலியாக இருப்பதைப் பார்த்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆக எங்கள் வக்கீல் அன்றைக்குக் கோர்ட்டில் சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது என்பதும், இந்தத் தடையை நீக்கக் கேட்டு மனுப் போட எந்தக் கோர்ட்டும் இல்லை என்பதும்தான் நான் கண்ட மிச்சம்.